நிழற்படத்தைத் திருத்தும் கலை

உள்ளதை உள்ளவாறே காட்டுவது நிழற்படம் என்பர். இக்கூற்று ஓரளவிற்கே பொருந்தும். கமராவின் கண்ணும் மனிதனின் கண்ணும் ஒன்றல்ல. மார்கழி விடியலிற் கண்டி வாவிக் கரையிலே நிற்கும் ஒருவன், வானத்து வெண்முகிலின் ஒளியையும் உடவத்தைக்கலைக் காட்டின் இருளையும் ஒருங்கே காண்கின்றான். அவன் எடுத்த படத்திலோ முகில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடுகின்றது. அன்றேல் காடு கரிபூசிய சுவராகிவிடுகின்றது. கண்டதற்கும் படத்திற்கும் இடையேயுள்ள இக்குறையை நிரப்புதலே திருத்தற் கலையின் முதற்பயன். இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் அது எவர்க்கும் எளிதிற் கைவருவதாயிற்று. ஆதலின் அதன் முறைகளையும் எல்லையையும் இம்மலரின் வாசகர்க்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

இக்கலை கணினியோடு பிறந்ததன்று. பிரான்சு நாட்டவராகிய குஸ்தாவ் லெ கிரே 1856 ஆம் ஆண்டையொட்டி எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், வானுக்கு ஒரு நெகற்றிவும் கடலுக்கு மற்றொரு நெகற்றிவுமாக இரண்டினை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். நம் நாட்டிலே இத்துறையில் முதலில் நினைக்கப்படவேண்டியவர் லயனல் வென்ற். 1900 இற் கொழும்பிற் பிறந்து, இலண்டனிலே சட்டமும் பியானோவும் பயின்று மீண்ட இவர், கண்டி நடனக் கலைஞரையும் கிராமத்து மக்களையும் அழியா ஓவியங்களாக்கினார். பல படங்களை இணைத்து ஒன்றாக்கும் முறையையும், அச்சு உருத்துலங்கும் வேளையில் மீண்டும் ஒளிபாய்ச்சி ஒளிநிழலை ஓரளவு தலைகீழாக்கும் முறையையும் அவர் இருட்டறையிலே கையாண்டார். 1944 இல் அவர் மறைந்தபின் நெகற்றிவுகள் அழிக்கப்பட்டமையால், எஞ்சிய அச்சுக்களே நமக்குக் கிடைத்த செல்வம். மூலத்தைப் பேணவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

தொமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர் ஆக்கிய போட்டோசொப் என்னும் மென்பொருள் 1990 இல் வெளிவந்தது. இருட்டறையிலே தொழில்புரிவோர், அச்சின் ஒரு பகுதியை வெளிறச்செய்யக் கம்பியிற் கோத்த அட்டையால் ஒளியை மறைப்பர். மற்றொரு பகுதியைக் கருமையாக்கக் கையைக் குவித்து அவ்விடத்துக்கு மட்டும் மிகுதியாக ஒளிவிடுவர். அந்த அட்டையும் குவித்த கையுமே அம்மென்பொருளில் இவ்விரு கருவிகளின் சின்னங்களாக அமைந்தன. ஆகவே கருவி புதிது, கலை பழையது. பணங்கொடுத்து வாங்க இயலாதவர் கிம்ப் முதலிய இலவச மென்பொருள்களைக் கொள்ளலாம்.

இனி முறைகளை நோக்குவோம். முதலாவதாக, கமரா இடங்கொடுக்குமாயின் படத்தை ஜேபெக் வடிவில் மட்டுமன்றி மூலக்கோப்பு வடிவிலும் எடுத்தல் நன்று. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள. 14 பிற் மூலக்கோப்பிலோ 16,384 படிகள் உள. படி மிகுந்தவிடத்துத் திருத்தத்துக்கு இடமும் மிகும். எனினும் முற்றாக வெளுத்துப்போன முகிலை எக்கருவியாலும் மீட்க இயலாது. ஆதலின் வானத்துக்கு ஏற்ப ஒளியளவை அமைத்து எடுத்து, பின்னர் நிழற்பகுதியை உயர்த்துக. வாவியின் முன் முக்காலியை நிறுத்தி, வானுக்கொன்றும் கரைக்கொன்றுமாக இரு படம் எடுத்துக் கணினியில் இணைப்பின், லெ கிரே செய்ததையே நாமும் செய்தவராவோம்.

இரண்டாவது, நிறம். எசல பெரஹராவின்போது கொப்பறா எரியும் தீப்பந்தங்களின் ஒளியில் யானையும் ஆடுவோரும் பொன்னிறம் பூண்பர். கணினியின் தானியங்கித் திருத்தம் இதனைப் பிழையெனக் கருதி, வெள்ளையை வெள்ளையாக்க முயலும். அங்ஙனம் விட்டுவிட்டால் துணி வெளுக்கும், இரவு மறைந்துபோம். செம்மையிற் சிறிது குறைத்து, பெரும்பகுதியை அப்படியே விடுவதே தக்கது.

மூன்றாவது, கறுப்பு வெள்ளை. நிறத்தை ஒரேயடியாக நீக்குதல் சோம்பேறியின் வழி. ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்வையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். பேராதனைப் பூங்காவின் பனைச்சாலையை எடுத்த படத்தில் நீலத்தைத் தாழ்த்தினால் வானம் கருகும்; மஞ்சளையும் பச்சையையும் உயர்த்தினால் ஓலைகள் ஒளிபெறும். ஒரே படத்திலிருந்து நண்பகலையும் பெறலாம். மழை வருமுன் தோன்றும் மந்தாரத்தையும் பெறலாம்.

இவையெல்லாம் நம் விருப்பின்பாற்பட்டவை. ஆனால் எல்லை ஒன்று உளது. அதனை யான் என் இல்லத்திலேயே கற்றேன். என் தந்தையார் நமது கல்லூரியின் பழைய மாணவர். பின்னர் பேராதனையிற் பயின்று கண்டியிலேயே தங்கியவர். 1950களில் எடுக்கப்பட்ட விடுதி மாணவர் குழுப்படம் ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. கண்டியின் ஈரத்தாற் பூஞ்சணம் பிடித்து, அவர் முகத்திற் பாதி மங்கியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்றிடம் அதனை ஒப்படைத்தேன். நொடிப்பொழுதில் முகம் தெளிந்தது; கண் ஒளிர்ந்தது. பெருமையோடு தாயாரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "முகம் வடிவாய்த்தான் இருக்குது மோனை. ஆனால் இவர் உன்ரை அப்பா இல்லை" என்றார்.

உண்மை அதுவே. அக்கருவி இழந்ததை மீட்கவில்லை. ஆயிரமாயிரம் பிறர் முகங்களைக் கற்றதைக்கொண்டு புதியதொரு முகத்தைப் புனைந்துவிட்டது. இடப்புருவத்துத் தழும்பையும் கறையெனக் கருதி அழித்துவிட்டது. யான் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கினேன். பூஞ்சணப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். மங்கிய பகுதியின் ஒளிநிழல் வேற்றுமையைச் சற்றே உயர்த்தினேன். அழிந்துபோன கன்னத்தை அழிந்தவாறே விட்டேன். தாயார் அதனைக் கண்டவுடன் தழும்பின்மேல் விரலை வைத்தார். பின்னர் ஒன்றும் பேசவில்லை.

வாவியின் முகிலை மாற்றினால் யார்க்கும் இழப்பில்லை. அது நமது கலை. மறைந்தவர் முகத்தை மாற்றுவதோ, மீட்க முடியாததோர் இழப்பு. புனைந்த படத்தைப் புனைந்ததென்றே கூறுக. ஆவணத்தை ஆவணமாகவே விடுக.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பெட்டிகளிலுள்ள கல்லூரிப் படங்களை ஈரம் தின்னுமுன் எடுத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடி, டிஃப் வடிவிற் சேமித்து வையுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அது சிறிது தேயும். மூலக்கோப்பைத் தொடாது, அதன் படியிலேயே திருத்துங்கள். படத்தின் பின்புறத்தையும் வருடுங்கள். பெயர்கள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். பெயர் எழுதப்படாத படமாயின், நிற்பவர் இன்னார், இருப்பவர் இன்னார் என்று சொல்லக்கூடிய முதியவர் உங்கள் இல்லத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு திருத்தத்தை எந்தக் கணினியும் நமக்காகச் செய்து தராது.