பந்தெறி வீராங்கனை உயெனோ

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, இடையே முல்லைப் பெரியாற்று நீரால் வளம் பெறும் கம்பம் பள்ளத்தாக்கு. ஆற்றுநீர் ஏறிப் பாயும் நிலங்களில் நெல்லும் திராட்சையும் செழிக்கும். நீர் எட்டாத மேட்டு நிலங்களிலோ வானத்தை நம்பிச் சோளம் விதைப்பார்கள். முன்னாளில் கதிர் முற்றும் பருவத்தில் அந்நிலங்களின் நடுவே பரண் அமைத்து, அதன்மேல் நின்று கவண் சுழற்றிக் குருவிகளை ஓட்டுவது சிறுவர் சிறுமியரின் வேலையாக இருந்தது. கவணில் கல்லை வைத்துச் சுழற்றுவது எளிது. அதை விடுவதுதான் அரிது. வட்டமாகச் சுழலும் கல் கட்டவிழ்ந்த கணத்தில் எத்திசை நோக்கிச் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே நேராகப் பாயும். இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் கல் வேறிடத்துக்குப் போய்விடும்.

மாணவர்களே! கயிறும் தோலும் இன்றித் தம் கையையே கவணாக்கிக்கொண்டு உலகப்புகழ் பெற்ற பெண்மணி ஒருவர் உண்டு. அவர் ஜப்பான் நாட்டு யுகிகோ உயெனோ. அவர் ஆடும் ஆட்டம் சாஃப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம்.

இவ்வாட்டம் தோன்றிய வகை வேடிக்கையானது. 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், படகுக் கழகம் ஒன்றின் கூடத்தில், இளைஞர் சிலர் பொழுதுபோக்கிக் கொண்டிருந்தனர். குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைப் பந்துபோல் சுருட்டிக் கட்டித் துடைப்பக் கட்டையால் அடித்து ஆடினர். அவ்விளையாட்டே பின்னர் விதிகள் பெற்று வெளியிடங்களுக்கும் பரவியது. மென்பந்து என்பது பெயரளவில்தான். இன்று ஆடப்படும் பந்து நெற்றியில் பட்டால் அதன் மென்மை தெரியும்! நம் நாட்டிலும் பள்ளிகளுக்கிடையே நிகழும் தேசியப் போட்டிகளில் இவ்வாட்டம் இடம் பெற்றுள்ளது.

ஓர் அணியில் ஒன்பதின்மர் களத்தில் நிற்பர். நடுவே ஒருவர் பந்தெறிவார். பெண்கள் ஆட்டத்தில் அவருக்கும் மட்டை பிடித்து நிற்பவருக்கும் இடையே 43 அடித் தொலைவே உண்டு. பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறிதல் கூடாது. கையைக் காற்றாலையின் சிறகுபோல் ஒருமுறை முழுவதும் சுழற்றிக் கீழே இடுப்பருகில் விடவேண்டும். தேர்ந்தோர் எறியும் பந்து அரை வினாடிக்கும் குறைந்த நேரத்தில் மட்டையாளரை அடைந்துவிடும். அதற்குள் அவர் பந்தைக் கண்டு, அடிக்கலாமா விடலாமா என்று தேர்ந்து, மட்டையையும் வீச வேண்டும். பந்தை விடும்போது விரல்கள் கொடுக்கும் சுழற்சிக்கு ஏற்ப, அது எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று மேலாகவோ தாழ்வாகவோ வந்து ஏமாற்றும். சில வேளைகளில் கை விரைந்து சுழலும். பந்தோ மெல்ல வரும். மட்டையாளர் முன்னரே வீசிவிட்டு வெட்கி நிற்பார்.

உயெனோ அம்மையார் 1982ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் ஃபுக்குவோக்கா நகரில் பிறந்தார். தொடக்கப்பள்ளியில் பயிலும்போதே பந்தெறியக் கற்றார். பள்ளிப் படிப்பை முடித்தபின், 2001ஆம் ஆண்டில், தகாசாகி நகரத்துத் தொழில் நிறுவனம் ஒன்றின் அணியில் சேர்ந்தார். அந்நாட்டில் பெரிய நிறுவனங்கள் தம் பெயரால் விளையாட்டு அணிகளை வைத்துப் பேணும் வழக்கம் உண்டு.

தேனியைத் தனி மாவட்டமாக்கும் அரசாணை பிறந்த அதே 1996ஆம் ஆண்டில்தான் மென்பந்து முதன்முதலாக ஒலிம்பிக் விளையாட்டில் இடம் பெற்றது. அவ்வாண்டும், 2000த்திலும், 2004லும் தங்கப் பதக்கம் அமெரிக்கப் பெண்களுக்கே உரியதாயிற்று. 2004இல் ஏதென்சு நகரில் உயெனோ சீன அணிக்கு எதிராகப் பந்தெறிந்தபோது, ஏழு சுற்றுகளிலும் வந்த 21 பேரில் ஒருவரும் முதற்புள்ளியைக்கூட மிதிக்கவில்லை. ஒலிம்பிக்கில் அதற்குமுன் எவரும் செய்யாத செயல் அது. எனினும் ஜப்பானுக்கு அம்முறை கிட்டியது வெண்கலமே.

அடுத்த ஆண்டில் ஓர் இடி விழுந்தது. 2005ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய ஒலிம்பிக் குழுவினர் ஒவ்வோர் ஆட்டத்தையும் வாக்குக்கு விட்டனர். மென்பந்துக்கு ஆதரவாக 52 வாக்குகள், எதிராகவும் 52, ஒருவர் எப்பக்கமும் சேரவில்லை. பெரும்பான்மை கிட்டாமையால் 2012 முதல் அவ்வாட்டம் நீக்கப்பட்டது. ஆகவே 2008இல் பெய்சிங் நகரில் நிகழவிருந்ததே கடைசி வாய்ப்பு என்று அனைவரும் எண்ணினர்.

அங்கே ஆகத்துத் திங்கள் 20ஆம் நாள் காலையில் ஜப்பான் அமெரிக்காவை எதிர்த்தது. வழக்கமான ஏழு சுற்றுகளில் முடிவு காணாமல் ஒன்பது சுற்றுகள் நீண்ட அவ்வாட்டத்தில், 147 பந்துகள் எறிந்த உயெனோவின் அணி 4-1 என்று தோற்றது. தோற்ற அணிக்கு இன்னுமொரு வாய்ப்பு விதிப்படி உண்டு. அன்று மாலையே ஆசுத்திரேலியாவுடன் ஆட்டம். ஓய்ந்த கை என்று ஒதுங்கவில்லை அவர். மீண்டும் களத்தில் நின்றார். அவ்வாட்டமோ பன்னிரண்டு சுற்றுகள் வரை நீண்டது! மேலும் 171 பந்துகளை எறிந்து 4-3 என்று வென்றார். ஒரே நாளில் 318 பந்துகள். கீழிருந்து எறிவதால் தோளுக்கு நோவு இல்லை என்பார் சிலர். ஆயினும் முன்னூறு முறை அவ்வாறு கையைச் சுழற்றியபின் அவர்கள் என்ன சொல்வார்களோ!

ஒருவர் தோளின்மேல் இத்துணைப் பாரத்தை ஏற்றுதல் தகுமா என்று கேட்பது நியாயமே. வளரும் பிள்ளைகளுக்கு இது வழியன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். நாளை என்று ஒன்று இல்லாத ஆட்டம் அது. மறுநாள் இறுதிப்போட்டியில், ஒலிம்பிக்கில் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றிருந்த அதே அமெரிக்கர் எதிரே நின்றனர். உயெனோ 95 பந்துகள் எறிந்தார். ஜப்பான் 3-1 என்று வென்று தங்கம் பெற்றது. இரண்டு நாட்களில் அவர் எறிந்தவை மொத்தம் 413.

அதன்பின் லண்டனிலும் ரியோவிலும் மென்பந்து இல்லை. ஒலிம்பிக் வாயில் அடைபட்டிருந்த ஆண்டுகளில் உயெனோ தம் நிறுவன அணிக்காக ஆடிவந்தார். 2012லும் 2014லும் ஜப்பான் உலகப் போட்டியை வென்றபோதும் அணியில் இருந்தார். 2016இல், டோக்கியோவில் நடைபெறும் ஒலிம்பிக்கில் மட்டும் மென்பந்தைச் சேர்ப்பதென்று முடிவாயிற்று. அதற்குள் 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில், மட்டையில் பட்டுத் திரும்பிய பந்து தாடையில் தாக்கி எலும்பு முறிந்தது. குணமாகித் திரும்பினார். பின்னர்ப் பெருந்தொற்றால் விளையாட்டுகளே ஓராண்டு தள்ளிப்போயின.

2021ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள், நிலநடுக்கத்தாலும் கடல்கோளாலும் அணு உலை விபத்தாலும் 2011இல் துயருற்ற ஃபுக்குஷிமா பகுதியில் முதல் ஆட்டம் நிகழ்ந்தது. காண்போர் எவருமில்லை, இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அங்கே ஜப்பானின் முதற்பந்தை எறிந்தவர் உயெனோ. மறுநாள் அவருக்கு முப்பத்தொன்பது வயது நிறைந்தது.

இம்முறை அவர் தனியாக இல்லை. மியு கோத்தோ என்னும் இருபது வயது இளம்பெண் துணைநின்றார். உயெனோ தகாசாகி அணியில் சேர்ந்த ஆண்டில் பிறந்தவர் அவர்! யோக்கொஹாமாவில் 27ஆம் நாள் நடந்த இறுதிப்போட்டியிலும் அமெரிக்கரே எதிரிகள். ஆறாம் சுற்றில் கோத்தோ எறிந்த பந்தொன்றை எதிரி ஓங்கி அடித்தார். அது மூன்றாம் புள்ளியில் நின்றவரின் கையில் பட்டுத் தெறித்தது. அருகில் நின்ற அத்சுமி நிலத்தில் விழுமுன் அதைப் பிடித்து மற்றொருவரையும் ஆட்டமிழக்கச் செய்தார். ஏழாம் சுற்றில் பந்து மீண்டும் உயெனோவின் கைக்கு வந்தது. மூவரையும் ஆட்டமிழக்கச் செய்து ஆட்டத்தை அவரே முடித்தார். ஜப்பான் 2, அமெரிக்கா 0.

2024இல் பாரிசு நகரில் மென்பந்து மீண்டும் விலக்கப்பட்டது. 2028இல் லாசு ஏஞ்சல்சில் மறுபடியும் சேர்க்கப்படுமென்று அறிவித்துள்ளனர். அப்போது கோத்தோவுக்கு வயது இருபத்தேழு.