அத்தாவை நினைவு கூர்வது எப்படி?

 

நம் மஹல்லாவில் ஒரு குடும்பத் தலைவர் வஃபாத்தாகிவிட்டால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறோம். இன்னாருடைய மகனார், இன்னாருடைய மச்சான், இன்ன ஊரில் கடை வைத்திருந்தவர் என்று சொல்லி, ஜனாஸா எடுக்கும் நேரத்தையும் சொல்லி முடிக்கிறோம். அடக்கம் முடிந்த பிறகு கபுருஸ்தான் வாசலில் நின்றுகொண்டு, "நல்ல மனிதர்" என்கிறோம். இமாமாக இருக்கும் எனக்கும் பல நேரங்களில் அதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. அவர் முதல் ஸஃப்பில் தொழுதவர் என்பது தெரியும். வீட்டுக்குள் எப்படி இருந்தார் என்பது மனைவி மக்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மனிதரின் சிறப்பை அளக்கும் இடமாக வீட்டையே காட்டினார்கள். தம் குடும்பத்தாரிடம் நல்லவராக இருப்பவரே உங்களில் சிறந்தவர் என்ற கருத்தில் அவர்கள் அருளியதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அப்படியானால் ஒருவர் மறைந்த பின் அவரைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதி உடையவர்கள் அந்த வீட்டார்தாம். அவர்கள் அழுது ஓய்ந்த பிறகு யாராவது அவர்களிடம் கேட்கிறோமா? சிந்தித்துப் பாருங்கள்!

அப்படி ஒரு வீட்டுச் சாட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. வெகு தூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் ரயில் ஏறினால் மானாமதுரை வழியாகச் சென்று சேரும் ராமேசுவரத்தில் வாழ்ந்தவர் மர்ஹூம் ஜைனுலாப்தீன் மரைக்காயர். படகு வைத்திருந்தவர், உள்ளூர்ப் பள்ளிவாசலின் இமாம். பெரிய படிப்போ பெரிய செல்வமோ இல்லாதவர். அவருடைய மகன்களில் ஒருவர் பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார் என்பதால் அவரை நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 1999-ல் வெளிவந்த தம் சுயசரிதையிலும், 2013-ல் எழுதிய 'எனது பயணம்' நூலிலும் தந்தையைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால், மகன் எந்தப் பதவிக்கும் வராமல் போயிருந்தாலும் நினைவு கூரத்தக்க தந்தை அவர் என்பது விளங்கும்.

கலாம் அவர்கள் எதை நினைவு வைத்திருந்தார்? அதிகாலை 4 மணிக்குத் தந்தை எழுந்து தொழுததை. தொழுகைக்குப் பின் வீட்டிலிருந்து சுமார் 4 மைல் தொலைவில் இருந்த சிறிய தென்னந்தோப்புக்கு நடந்தே சென்று, ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியதை. அதன் பிறகுதான் அவர் காலை உணவு உண்பார். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் இந்த நடை நிற்கவில்லை. பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது. 'உழைத்துச் சாப்பிட வேண்டும்' என்று அந்தத் தந்தை எத்தனை முறை உபதேசித்தார் என்ற கணக்கு எங்கும் இல்லை. தேங்காய்களின் எண்ணிக்கை இருக்கிறது.

யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல அவர் கடற்கரையில் ஒரு மரப்படகு கட்டினார். அந்தப் படகு உருவானதைச் சிறுவன் கலாம் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டு போயிற்று. பல பிள்ளைகள் உள்ள குடும்பம் அது. வெளியார் பலரும் தினமும் வந்து உண்ட வீடு. அவர் மனைவி ஆஷியம்மா எத்தனை பேருக்கு அன்னமிட்டார்கள் என்பது தமக்கே தெரியாது என்றும், குடும்பத்தாரைக் காட்டிலும் வெளியார்தாம் அதிகம் என்றும் மகன் எழுதுகிறார். ஒரு பெண் அப்படி மனம் கோணாமல் பரிமாற வேண்டுமென்றால், அந்த வீட்டில் கணவர் அவரை எப்படி வைத்திருந்தார் என்பதையும் நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சம்பவம். கலாம் அவர்கள் தம் சொற்பொழிவுகளில் பலமுறை சொன்னது. நாடு விடுதலை பெற்ற காலம். ராமேசுவரம் பஞ்சாயத்துத் தேர்தலில் ஜைனுலாப்தீன் அவர்கள் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருநாள் அவர் வீட்டில் இல்லாதபோது ஒருவர் வந்து, அவருக்காக ஒரு தாம்பாளத்தைக் கொடுத்தார். பையன் பாடம் படித்துக்கொண்டிருந்தான். தாயாரைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவர்கள் தொழுகையில் இருந்ததால் பதில் வரவில்லை. கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். தந்தை வந்து பார்த்தார். வேட்டி, அங்கவஸ்திரம், பழம், இனிப்பு. அதுவரை பிள்ளையைக் கை நீட்டி அடித்தறியாத மனிதர் அன்று அடித்துவிட்டார். பிள்ளை அஞ்சி அழுதது. பிறகு தோளைத் தொட்டு அருகில் இருத்தி, தம் அனுமதியின்றி எவரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லி, பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் தமக்குரிய ஊதியத்துக்கு மேல் எடுப்பது மோசடியே என்ற நபிமொழியின் கருத்தை விளக்கினார்.

பிள்ளையை அடித்ததை நான் இங்கே சிறப்பித்துச் சொல்லவில்லை. அடித்த பிறகு அருகில் அழைத்துக் காரணம் சொன்னாரே, அந்தப் பகுதியைக் கவனியுங்கள். நம்மில் பலர் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இதைப் படிக்கும் சிலர் மனத்தில் ஒரு வருத்தம் எழலாம். 'எங்கள் அத்தா எங்களோடு இருந்ததே இல்லையே' என்று. உண்மைதான். காரைக்குடி, தேவகோட்டை, இளையான்குடி வட்டாரங்களில் ஒரு தலைமுறை பர்மா, மலேயா என்று போயிற்று. அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குப் போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வரும் தந்தையைப் பிள்ளை புதியவராகப் பார்த்து ஒதுங்கி நின்ற வீடுகள் எத்தனையோ! அந்தத் தந்தைக்கும் ஒரு தென்னந்தோப்பு நடை இருந்தது. அது நம் கண்ணுக்குத் தெரியாத ஊரில் நடந்தது. கூட இருந்து பார்க்காத பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டியவர் தாய். பழைய கடிதங்களை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். எந்த அறையில் எத்தனை பேரோடு படுத்தார், எந்தப் பெருநாளைக்கு ஊருக்கு வர முடியாமல் தவித்தார் என்பதைச் சொல்லுங்கள்.

1976-ஆம் ஆண்டு, 102-வது வயதில், ஜைனுலாப்தீன் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். மகன் வந்து தாயாரின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். பேச வார்த்தை வரவில்லை. தாயார் கணவர் வாழ்ந்த வீட்டிலேயே இருந்துகொண்டு மகனை வாழ்த்தி வழியனுப்பினார்கள். சில காலத்தில் அவர்களும் மறைந்தார்கள்.

கணவர் வீட்டிலேயே இருந்தார்கள் என்ற இடத்தில் சற்று நில்லுங்கள். அத்தாவின் பெயரால் ஆட்டை அறுத்து ஊருக்கே சாப்பாடு போடுகிற வீட்டில், அவர் மனைவியின் நிலை என்ன? மஹர் கொடுக்கப்பட்டதா? கொடுக்கப்படவில்லை என்றால் அது அவர் மீதுள்ள கடன். ஜனாஸா எடுக்கும் வேளையில், அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் பத்துப் பேர் சூழ்ந்து நின்று 'மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லம்மா' என்று கேட்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் அது ஆகும் என்று திருமறை கூறியிருக்க, அந்த நேரத்தில் வாங்கும் வார்த்தை மனமுவந்ததாகுமா? கடன் வைத்துச் சென்றவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுவிக்கத் தயங்கி, அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள் என்பது நாம் அறிந்த செய்தி.

அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக, மீதியுள்ளதுதான் வாரிசுச் சொத்து. கணக்கைப் பாருங்கள். பெற்றோர் முன்பே மறைந்துவிட, மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு ஒருவர் மறைகிறார். மீதிச் சொத்து 24 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21 லட்சத்தில் மகனுக்கு 14, மகளுக்கு 7. 'தங்கைக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோமே' என்று அந்த 7 லட்சத்தை மகன் வைத்துக்கொண்டால், அது அன்பளிப்பைக் காட்டி உரிமையை மறைப்பதாகும். அத்தா அவளுக்குப் போட்ட நகை அவர் பிரியப்பட்டுக் கொடுத்தது. இந்தப் பங்கு அல்லாஹ் கொடுத்தது. இதை மிம்பரில் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

ஜைனுலாப்தீன் அவர்களுக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். ராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள். இருவரும் அவரவர் மார்க்கத்துக்குரிய உடையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த காட்சி, தம் இளமைக் கால நினைவுகளில் மிகத் தெளிவான ஒன்று என்று கலாம் எழுதினார். தந்தையை நினைத்தபோது தந்தையின் நண்பரும் உடன் நினைவுக்கு வந்தார்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டார்கள். ஸலாம் சொல்லி, தாம் ஏறி வந்த கழுதையை அவருக்குக் கொடுத்து, தம் தலையில் இருந்த தலைப்பாகையையும் எடுத்துக் கொடுத்தார்கள். உடன் வந்தவர்களுக்கு வியப்பு. கிராமத்தார் சிறிது கொடுத்தாலே திருப்தி அடைபவர்களாயிற்றே என்றார்கள். இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நண்பராக இருந்தார் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். தந்தையின் நேசத்துக்குரியவர்களோடு உறவைப் பேணுவது நற்செயல்களில் மிகச் சிறந்தது என நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதையும் எடுத்துச் சொன்னார்கள்.

உங்கள் அத்தாவின் கூட்டாளிகளில் இன்று யார் யார் ஹயாத்தாக இருக்கிறார்கள்? கடைவீதியில் அவரோடு பெட்டிக்கடை வைத்திருந்தவர், கப்பலில் கூடப் போனவர், சபர் முடிந்து வந்தபோது வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தவர். அம்மாவிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பெயரும் தெருவும் தெரியும்.