கன்னி மலைக்கு ரெயில் ஏறலாமா?

ஒரே நாள் ரெயில் பயணம். போய் வர ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்!

கேட்டதும் தலை சுற்றும். ஆனாலும் இந்தப் பணத்தைக் கொடுத்து மலை ஏறுகிறவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர். அவர்களில் இந்தியர்கள் ஏராளம்.

சுவிட்சர்லாந்தில் உள்ள யுங்பிராவ் மலை ரெயில்தான் அது. யுங்பிராவ் என்றால் ஜெர்மன் மொழியில் கன்னிப் பெண் என்று பொருள். இந்த மலையின் தோளில், 11,332 அடி உயரத்தில், யுங்பிராவ்யோக் என்ற ரெயில் நிலையம் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரெயில் நிலையம் இதுதான். நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தைவிட ஏறத்தாழ 2,700 அடி அதிகம்!

அடிவாரத்தில் உள்ள ஊர் இன்டர்லேக்கன். அங்கிருந்து மேலே போய் வர 200 பிராங்குக்கு மேல் ஆகிறது. கோடைக் காலத்தில் 250 பிராங்கை நெருங்கும். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் கிளம்பினால், பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்றாலும் அறுபதாயிரத்தைத் தாண்டிவிடும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது விளையாட்டுப் பணம் அல்ல. பெண்ணுக்கு ஒரு நகை வாங்கலாம். பையனின் படிப்புச் செலவுக்கு ஆகும்.

அப்படியானால் அந்தப் பணத்துக்கு அங்கே என்ன கிடைக்கிறது?

பஞ்சாலை முதலாளியின் கனவு

அங்கே மூன்று மலைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒன்று ஐகர். நடுவில் மோன்ச், அதாவது துறவி. மூன்றாவது கன்னி. ஐகர் ஓர் அரக்கன் என்றும், அவன் கன்னியை நெருங்காதபடி துறவி நடுவில் நின்று காக்கிறார் என்றும் கதை சொல்வார்கள்.

அரக்கனின் வயிற்றையும் துறவியின் வயிற்றையும் குடைந்துகொண்டு கன்னியிடம் போகிறது இந்த ரெயில்!

இப்படி ஒரு பாதை போடலாம் என்று 1893-ல் எண்ணியவர் அடால்ப் கூயர் செல்லர். சூரிச் பகுதியைச் சேர்ந்த பஞ்சாலை முதலாளி. மகளுடன் மலையில் நடந்து போனபோது இந்த யோசனை பிறந்தது. அன்றிரவே காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார் என்று சொல்கிறார்கள்.

1896-ல் வேலை தொடங்கியது. ஏழு ஆண்டில் முடியும் என்று நினைத்தார்கள். பதினாறு ஆண்டு பிடித்தது! பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். முப்பது பேர் உயிரை இழந்தார்கள். கூயர் செல்லரும் 1899-ல் இறந்துபோனார். தன் ரெயில் மலையின் தோளைத் தொட்டதை அவர் பார்க்கவில்லை.

ஆனால் வியாபாரி அல்லவா? பாதை முழுவதும் முடியட்டும் என்று காத்திராமல், முடிந்த வரையில் ரெயிலை ஓட்டிக் காசு வாங்க ஏற்பாடு செய்திருந்தார். 1898-ல் முதல் பகுதி திறந்தது. 1903-லும் 1905-லும் மலைக்குள்ளேயே நிலையங்கள் திறந்தன. 1912 ஆகஸ்டு 1-ந் தேதி, சுவிஸ் நாட்டின் தேசியத் திருநாளில், மேல் நிலையத்துக்கு ரெயில் வந்து சேர்ந்தது. கன்னியின் உச்சிக்கே போவது என்பதுதான் முதல் திட்டம். அது நிறைவேறவே இல்லை.

ஏமாறும் இடம்

மலை ரெயில் என்றதும் நம்மவர்கள் ஊட்டி ரெயிலை நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளத்தாக்கு, அருவி, தேயிலைத் தோட்டம், வழி நெடுகக் காட்சி! அந்த நினைப்போடு போகிறவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள்.

யுங்பிராவ் ரெயில் பாதையின் நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் 7 கிலோமீட்டர் சுரங்கம்! ஜன்னலுக்கு வெளியே இருட்டும் பாறையும்தான். நடுவில் ஒரே ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துகிறார்கள். மலையில் வெட்டிய ஜன்னல் வழியாகப் பனிமலையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து ஏற வேண்டும்.

ரெயில் பயணத்தின் இன்பத்துக்காக என்றால் இந்தப் பணம் தண்டம். அதற்கு மேட்டுப்பாளையமே போதும். அதுவும் சுவிஸ் சம்பந்தம் உள்ளதுதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் பல்லாக இருக்கிறதே, அந்த முறையைக் கண்டுபிடித்த ரோமன் அப்ட் சுவிட்சர்லாந்துக்காரர். அந்தப் பாதையில் பல்லாண்டுகள் வண்டி இழுத்த எஞ்சின்கள் அந்நாட்டின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. ஊட்டிப் பாதையில் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும். யுங்பிராவில் சில இடங்களில் நான்கு அடிக்கு ஓர் அடி!

ஆகவே அங்கே காசு கொடுப்பது வழிக்கு அல்ல. மேலே போய்ப் பார்க்கும் காட்சிக்கு.

பனியால் ஆன ஆறு

அந்தக் காட்சி எப்படிப்பட்டது?

நிலையத்திலிருந்து மின்தூக்கியில் இன்னும் மேலே போனால் 11,700 அடி உயரத்தில் ஒரு மேடை. அங்கே நின்று தெற்கே பார்த்தால், மலைகளுக்கு நடுவே அகன்ற சாலை போல் வெள்ளையாக ஒன்று வளைந்து போகிறது. அது சாலை அல்ல. பனிக்கட்டியால் ஆன ஆறு! அலெட்ச் என்று பெயர். இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆல்ப்ஸ் மலைத் தொடரில் இதைவிட நீளமான பனியாறு கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது.

வடக்கே பார்த்தால் பச்சைப் பள்ளத்தாக்கு. வடக்குப் பக்கம் உருகும் நீர் ரைன் நதியில் சேர்ந்து வட கடலுக்குப் போகிறது. தெற்குப் பக்கம் உருகும் நீர் ரோன் நதி வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. ஒரே மலை முதுகில் இரண்டு கடலுக்கு வழி!

பனிக்குள் குடைந்த அரண்மனை ஒன்றும் இருக்கிறது. சுவர், தரை, கூரை எல்லாம் பனிக்கட்டி. வந்து போகும் கூட்டத்தின் உடல் சூட்டிலேயே அது உருகிவிடுமாம். அதற்காகப் பனி மலைக்குள்ளேயே குளிர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் உருண்டு புரளப் பனிவெளி உண்டு. இந்தியச் சாப்பாடும் கிடைக்கிறது. அவ்வளவு உயரத்தில் சாதமும் பருப்பும் பார்த்ததும் பலருக்குப் பனி மறந்துபோகிறது!

இந்தப் பனியாறு இளைத்துக்கொண்டே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருந்ததைவிட இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல் குட்டை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு பனியை இழந்தன. இன்றைய குழந்தைகள் பாட்டன் பாட்டி ஆகும்போது இதே காட்சி இருக்காது.

பனியையே பார்த்திராத ஒரு குடும்பம், நல்ல வெயில் நாளில் அந்த மேடையில் நின்றால் கொடுத்த காசை நினைத்து வருந்தாது. இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் "நல்ல வெயில் நாளில்" என்பதுதான் இங்கே முக்கியம்.

மேகம் வந்தால்?

மேகம் மூடினால் மேடையில் நிற்கிறவர்களுக்கு எதிரே வெள்ளைத் திரைதான். பனியாறும் தெரியாது, பள்ளத்தாக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரிந்தால் சரி! அன்று மிஞ்சுவது பனி அரண்மனையும் கடைகளும் மட்டுமே. அதற்கு அறுபதாயிரம் மிக மிக அதிகம்.

தனியாகப் போகும் குடும்பத்துக்கு இதற்கு வழி இருக்கிறது. இன்டர்லேக்கன் பக்கம் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டி வாங்காமல், வானம் தெளிந்த நாளில் வாங்க வேண்டும்.

சுற்றுலாக் கம்பெனியோடு போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். எந்தத் தேதியில் எந்த மலை என்று சென்னையிலேயே எழுதிவிடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: இந்த மலை கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? மேகமாக இருந்தால் நாளை மாற்றுவீர்களா? மேலே எத்தனை மணி நேரம் விடுவீர்கள்? பதில் சொல்ல மழுப்பினால் யோசிக்க வேண்டியதுதான்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கான சுவிஸ் ரெயில் பாஸ் வாங்கிவிட்டால் எல்லாம் இலவசம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பாஸ் கிரிண்டல்வால்ட், வெங்கன் என்ற ஊர்கள் வரைதான் செல்லும். அதற்கு மேல் சலுகை உண்டே தவிர, இலவசம் இல்லை.

தாத்தா பாட்டி வரலாமா?

மேலே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2020 டிசம்பரில் புதிய கம்பிவட வண்டி வந்த பிறகு, ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் உடம்பு பழகுவதற்குள் உயரம் வந்துவிடுகிறது. சிலருக்குத் தலைவலி வரும், சிலருக்கு மயக்கம் வரும். இதய நோய், சுவாச நோய் உள்ளவர்களும், கைக்குழந்தையோடு போகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. மற்றவர்களும் மெதுவாக நடக்க வேண்டும். கோடையிலும் உறைபனிக் குளிர். சேலைக்கு மேல் ஒரு சால்வை போதாது!

உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பணம் இல்லாதவர்களுக்கும் ஷீனிகெ பிளாட்டே இருக்கிறது. இதுவும் பல்சக்கர ரெயில்தான். 1893-ல் திறந்தது. 6,450 அடி உயரம். வழி நெடுக வெளிச்சம், காட்சி. அரக்கன், துறவி, கன்னி மூன்று பேரும் எதிரே வரிசையாக நிற்பார்கள். கட்டணம் யுங்பிராவில் பாதி கூட இல்லை. கோடையில் மட்டும் ஓடும்.

யுங்பிராவ் பாதையிலேயே பாதி வழி போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. சுரங்கம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள கிளைன ஷைடெக் நிலையத்தில் இறங்கிவிட்டால் செலவு வெகுவாகக் குறையும். ஐகரின் செங்குத்துச் சுவர் தலைக்கு மேல் நிற்கும். பிடித்து விளையாடப் பனி மட்டும் கோடையில் கிடைக்காது.

கிளம்பும் நாளில் ஓட்டல் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் கீழே மூடுபனி அடைத்திருக்கும்போது மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். கீழே வெயில் அடிக்கும்போது உச்சியை மேகம் மூடியிருப்பதும் உண்டு. உச்சியில் காமிரா வைத்திருக்கிறார்கள். அந்த நிமிடத்துப் படம் செல்போனிலேயே வருகிறது. காலை எழுந்ததும் அதைப் பார்த்து, மலை தெரிந்தால் முதல் வண்டிகளிலேயே போய்விட வேண்டும். கோடையில் பிற்பகலானால் மேகம் ஏறத் தொடங்கிவிடும்.