வந்தவர் நம்மவர் ஆனார்

பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவரைப் புகுந்த ஊர் எப்பொழுது தன்னவர் என்று ஏற்றுக்கொள்கிறது? பிழைப்பின் பொருட்டுப் பல மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இது பழகிய கேள்வியே. இதைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் வரலாறு ஒன்று, அயர்லாந்துத் தீவின் வடபகுதியான அல்ஸ்டர் மாகாணத்தில், ரக்பி ஆட்டக்களத்தில் நிகழ்ந்தது.

ரக்பி நம் நாட்டுக்கு முற்றிலும் புதிய ஆட்டமன்று. 1878-இல் கலைக்கப்பட்ட கல்கத்தா கழகத்தார் தம் கையிருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தளித்தனர். அக்கோப்பைக்காகவே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் பொருதுகின்றன. அணிக்கு 15 பேர். பந்து முட்டை வடிவானது. அதைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. முன்வரிசையினர் முட்டி மோதிப் பெறும் பந்தை எடுத்துப் பின்வரிசையினருக்கு விரைந்து அளிப்பவர் 9-ஆம் எண் சட்டை அணிந்தவர். பலம் ஒருபுறமும் வேகம் மறுபுறமும் நிற்க, இரண்டையும் இணைக்கும் பாலம் அவரே.

2010-இல் அந்த இடத்துக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவர் ரூவான் பீனார். புளூம்பாண்டீன் நகரில் பிறந்தவர். தந்தையாரும் தென்னாப்பிரிக்க அணியில் ஆடியவரே. 2007-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இடம்பெற்றிருந்த பீனார், தம் நாட்டுக்காக மொத்தம் 88 ஆட்டங்கள் ஆடினார். இத்தகைய புகழுடையோர் சில ஆண்டுகள் பொருளீட்டிவிட்டுத் திரும்புதல் உலக வழக்கம். பீனாரோ பெல்பாஸ்டில் 7 ஆண்டுகள் தங்கி, அல்ஸ்டருக்காக 140-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

கோப்பைகளை அள்ளித் தந்ததால் மக்கள் அவரை நேசித்தனரா? இல்லை. 2012-இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அல்ஸ்டர் 42-14 என்று லென்ஸ்டரிடம் தோற்றது. மறு ஆண்டு மற்றொரு போட்டியின் இறுதியிலும் அதே லென்ஸ்டரிடம் 24-18 என்று வீழ்ந்தது. அவர் இருந்த காலம் முழுவதிலும் அல்ஸ்டருக்கு ஒரு கோப்பைகூடக் கிட்டவில்லை. ஆயினும் நெருக்கடி வேளையில் பதறாமல் பந்தை உதைக்கும் அவரது நிதானத்தையும், ஆரவாரமற்ற அடக்கத்தையும், வெற்றியிலும் தோல்வியிலும் உடனிருந்த பண்பையும் ரேவன்ஹில் மைதானத்து மக்கள் வாரந்தோறும் கண்டனர். அன்பு அங்கேதான் வேர்கொண்டது.

2016-இல் இடி போன்ற செய்தி வந்தது. பீனார் மேலும் தங்க விரும்பினார். அல்ஸ்டரும் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. அயர்லாந்து ரக்பிச் சங்கமோ ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்துவிட்டது. நாட்டு அணிக்கு வேண்டிய வீரர்கள் அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கொனாட் என்னும் நான்கு மாகாணங்களிலிருந்தே பெரிதும் வர வேண்டும்; ஓரிடத்தில் அயல்நாட்டார் நெடுங்காலம் நிலைத்துவிட்டால் உள்நாட்டு இளைஞர் எங்ஙனம் பயிற்சி பெறுவர் என்பது சங்கத்தின் வாதம். அல்ஸ்டர் இரசிகர்கள் சினமும் துயரமும் அடைந்தனர். தங்கள் வீட்டுப் பிள்ளையை யாரோ வெளியேற்றுவது போன்றே அவர்களுக்குத் தோன்றியது.

சங்கத்தின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. பால் மார்ஷல் என்பவர் அல்ஸ்டரிலேயே அதே இடத்தில் ஆடிவந்தவர். 2013-இல் அயர்லாந்து அணிக்காகவும் களம் கண்டவர். பீனார் இருந்த ஆண்டுகளில் அவர் பல வேளைகளில் மாற்று ஆட்டக்காரராக வெளியே அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்க நேர்ந்தது. வந்தவரின் மாண்பைப் போற்றும்போது, காத்திருந்தவரின் பொறுமையையும் நாம் மறத்தலாகாது. மாற்றல் உத்தரவு பெற்று ஊர் ஊராகச் செல்லும் ரயில்வே ஊழியர்களாகிய நாம் இவ்விருவர் நிலையையும் அறிவோம். புதிய நிலையத்தில் நமக்குக் கிடைக்கும் நாற்காலி, அவ்வூர் இளைஞர் ஒருவர் எதிர்பார்த்திருந்த நாற்காலியாகவும் இருக்கலாம் அன்றோ?

2017-இல் பீனார் அல்ஸ்டர் மக்களிடம் விடைபெற்றுப் பிரான்சிலுள்ள மோன்பெலியே கழகத்துக்குச் சென்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, 2023-இல், தமது 39-ஆம் வயதில், புளூம்பாண்டீன் அணியுடன் தென்னாப்பிரிக்காவின் கர்ரி கோப்பையை வென்றார்.

அல்ஸ்டரின் 9-ஆம் எண் சட்டை என்னவாயிற்று? கொனாட் அணியிலிருந்து வந்த ஜான் கூனி அதை அணிந்தார். அயர்லாந்து அணிக்கு ஆடும் தகுதியுடையவர்; ஆதலால் விதி நிறைவேறிற்று. ஆனால் அவரும் அல்ஸ்டரில் பிறந்தவரல்லர், டப்ளின் நகரத்தவர். பீனாரின் இடத்தை நிரப்புவது எளிதன்று என்று எண்ணியிருந்த மக்கள், அவர் உழைப்பைக் கண்டபின் அவரையும் நெஞ்சார நேசித்தனர். 2025 வரை அவர் அங்கேயே ஆடினார்.

எவர் எத்தனை காலம் தங்கலாம் என்பதைச் சங்கங்களும் சட்டங்களும் முடிவு செய்யலாம். அதற்குரிய காரணங்களும் இருக்கலாம். எவரைத் தம்மவர் என்று கருதுவது என்பதை மட்டும் அவ்வூர் மக்களே முடிவு செய்கின்றனர். அல்ஸ்டர் மக்கள் அதை முடிவு செய்தபோது பீனாரின் பிறப்பூரையும் பார்க்கவில்லை, கோப்பைகளையும் எண்ணவில்லை.