அத்திலாந்திக் கடற்கம்பியும் வேகத்தின் முரண்பாடும்

1858 ஓகஸ்டில் அயர்லாந்தையும் நியூபவுண்லாந்தையும் இணைத்த தந்திக் கடற்கம்பி ஏறத்தாழ ஒரு மாதத்திற் செயலிழந்தது. விக்ரோறியா மகாராணியின் 98 சொற் செய்தி சென்றடையவே ஏறத்தாழ பதினாறு மணித்தியாலங்கள் கழிந்தன. கம்பியின் தடையும் கொள்ளளவமும் சேர்ந்து சைகையைத் தாமதிக்கச் செய்கின்றன. நீளம் இருமடங்காயின் தாமதம் நான்மடங்காகும் என வில்லியம் தொம்சன் முன்னரே நிறுவியிருந்தார். தடித்த செம்பும் தடித்த காவலியுமே இதற்குப் பரிகாரம். கம்பெனியோ மெல்லிய செம்புக்கே அவசரமாக ஒப்பந்தஞ் செய்திருந்தது. அனுப்பும் முனையில் ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தித் தாமதத்தை வெல்ல முயன்றார் மின்னியலாளர் வைற்கவுஸ். முன்னரே பழுதுற்றிருந்த காவலி மேலுஞ் சிதைந்தது. பழி அவர்மீதே வீழ்ந்தது. எனினும், 1866 இல் வெற்றிபெற்ற கம்பியிற் செம்பின் நிறை ஏறத்தாழ மும்மடங்காக்கப்பட்டமை, மூலதனத்தின் அவசரமும் அத்தவறிற் பங்குகொண்டதை உணர்த்துகின்றது.