யாரும் காணாத ஓர் அடி



அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெனடிக்ட் சபைத் துறவிகள் 1857-இல் தொடங்கிய புனித யோவான் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் கோல்ஃப் அணி உண்டு. அருகிலேயே அச்சபையின் அருள்சகோதரிகள் 1913-இல் தொடங்கிய புனித பெனடிக்ட் கல்லூரியில் பெண்கள் அணி உண்டு. இவர்கள் ஆடும் மூன்றாம் பிரிவில் விளையாட்டுத் திறமைக்கென உதவித்தொகை கிடையாது.

கல்லூரி கோல்ஃப் போட்டியில் பொதுவாக ஓர் அணிக்கு ஐவர் ஆடுவர். சிறந்த நால்வரின் கணக்கே சேரும். ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. உயர்ந்த புல்லுக்குள் தனியே நிற்கும் மாணவியின் கை தவறிப் பந்து அசைந்தால், அவரே ஓர் அடியைக் கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த ஓர் அடியால் அணியே தோற்கலாம்.

1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் இப்படித் தம்மீதே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். பந்து அசைந்ததை வேறு எவரும் பார்க்கவில்லை. இறுதியில் ஒரே ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். 1971-இல், இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு, அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார்.

நமக்காகப் பொய் சொல்ல நாம் கூசுகிறோம். ஆனால் "பிள்ளைகளுக்காக", "குடும்பத்துக்காக" என்றால் மனம் எளிதில் இணங்கிவிடுகிறது. சிறியதில் உண்மையாயிருப்பதைப் பற்றி லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிப்பது இந்த இடத்தில்தான் நம்மைத் தொடுகிறது.

இன்றிரவு ஆன்ம சோதனையில் கேட்போம்: யாரும் காணாத எந்த அடியை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்?