பொருநைக் கரையில் வீட்டுத் தோட்டம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். ஆயினும், ஆடித் திங்களில் பாளையங்கோட்டையில் நின்று வானத்தை நோக்குவார்க்கு அது நம்மூர்க்குப் பொருந்தாதெனவே தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் நீரையெல்லாம் மலைக்கு அப்பாலும் பொதிகை முகட்டிலும் பொழிந்து, குற்றாலத்திற் சாரலாய்ச் சிந்தி, நம் சமவெளிக்கு வெறுங்காற்றாகவே வந்து சேர்கின்றது. ஆற்றில் நீர் பெருகும். தோட்டத்தில் புழுதி பறக்கும். நமக்கு மழை மிகத் தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்றேயாம். அங்ஙனமாயின் ஆடியில் விதைப்பது எற்றுக்கு?

இவ்வினாவிற்கு விடையை எமக்குக் கற்பித்தது ஓர் அவரைக்கொடி. பள்ளியிற் பயின்ற காலத்து, முதியோரை வினவாது மாசியில் நாட்டவரை ஊன்றினோம். கொடி பந்தலை மூடிற்று. சித்திரை, வைகாசி, ஆனியும் கழிந்தன. ஒரு பூவேனும் தோன்றவில்லை. "இனி இலையைத்தான் சமைக்கவேண்டும்" என்று எம் அன்னையார் நகைத்தார். பகற்பொழுது குறுகினாலன்றி நாட்டவரை பூவாதென்பதைப் பின்னரே அறிந்தோம். ஆடியில் ஊன்றியதும் மாசியில் ஊன்றியதும் ஒருங்கே மார்கழியை நோக்கிக் காத்திருப்பனவே. இடையில் யாம் இறைத்த குடங்களை எண்ணின் இன்றும் தோள் வலிக்கின்றது!

கத்தரி, வெண்டை, மிளகாய்க்குக் காரணம் வேறு. ஆடியில் முளைத்த செடிகள் பெருமழைக்கு முன்னரே ஆழ வேரூன்றிவிடும். ஐப்பசியில் முளைத்த இளநாற்றுக்களோ ஈரத்தில் தண்டழுகிச் சாயும். ஆதலின் ஐப்பசி வரை நாமே நீர் வார்த்தல் வேண்டும். சருகும் வைக்கோலும் பரப்பி மண்ணை மூடி, மேற்குப் புறத்தில் அகத்தியை வேலியாக நிறுத்தின், காற்று ஈரத்தை அத்துணை விரைவிற் கவராது.

கார்த்திகை மழைக்கு ஓரடி உயர்ந்த மேட்டுப்பாத்தி வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளளவில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அத்தகைய வெள்ளத்திற்கு எப்பாத்தியும் நில்லாது. ஆண்டுதோறும் வரும் மழைக்கு இது போதும். புடலை, பாகல், பீர்க்கு முதலியவற்றைத் தை, மாசியிலும் இடலாம்.

உரத்திற்கு மக்கிய தொழுவுரமே சாலும். 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்ற நம்மாழ்வார், செலவு மிக்க உரங்கள் மானாவாரி உழவர்க்கு உதவா எனக் கண்டு அப்பணியைத் துறந்தார். பூச்சிகட்கு, 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் கூட்டி, மாலையில் தெளிக்கலாம். அது பூச்சியை உடனே கொல்வதன்று. அதன் உணவு வேட்கையையும் வளர்ச்சியையும் தடுப்பது.

இறுதியாக, நம் சீமைக்கு உரிய சிறுகிழங்கு. துளசிக் குடும்பத்ததாகிய இதன் கொடித்துண்டுகளை ஆவணி, புரட்டாசியில் மணற்பாங்கான மேட்டில் நட்டு, நாற்பத்தைந்து நாளில் மண் அணைத்தால், பொங்கலை ஒட்டிக் கிழங்கு அகழலாம். வேர்முடிச்சு நூற்புழு இதன் பெரும்பகை. ஆதலின் ஒரே பாத்தியில் ஆண்டுதோறும் நடாது, இடையில் செண்டுமல்லி வளர்த்தல் நன்று. தோலுரிப்பது பெருந்தொல்லையென அஞ்சுவோர், கிழங்கைச் சாக்கிலிட்டுத் தரையிற் புரட்டித் தேய்க்க. தோல் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.